நார்வேக்காரியின் கீரவாணி

எனக்குப் பாட்டு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வளர்ந்து, பாட்டு டீச்சரையே கல்யாணமும் செய்துகொண்டு, ஒரு ராகத்தின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். "உங்களுக்குக் காது இருக்கறதே மூக்குக் கண்ணாடி மாட்டிக்கத்தான்" என்பாள் என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி. கச்சேரிக்கு அழைத்துப் போனால் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவேன். வீட்டில் அவள் சாதகத்துக்கு உட்கார்ந்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

அவள் சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில் பிறந்தவள். வீட்டில் நாலாவது பெண். அந்தத் தெருவில் பாட்டுக் கிளாஸில் சேர்ந்த பதினைந்து பெண்கள் காலேஜ், கல்யாணம் என்று ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். கடைசிவரை போனவள் இவள் ஒருத்திதான். ரேடியோ ஆடிஷனுக்கு இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் தேறவில்லை. "மூணாவது தடவை போயேன்" என்றேன். "போறும்" என்றாள். அதற்குப் பிறகு மந்தைவெளியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை, இருபது வருஷம். வகுப்புக்கு அறுபது பெண்கள். அறுபதும் ஒரே சமயத்தில் பேசும். இவள் அந்த இரைச்சலுக்கு மேலே பாட வேண்டும். காலைப் பிரார்த்தனைக்கு மைக் பாதி நாள் வேலை செய்யாது. இவள் மைக்கை ஓரமாக நகர்த்திவிட்டு மேலே ஒரு பிடி பிடிப்பாளாம், எண்ணூறு பெண்களும் கப்சிப். அதே பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் பெண் சாருலதா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

மற்றபடி சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் ஊஞ்சல் பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். மேடையில்லை, சபையில்லை, பேப்பரில் பெயர் வந்ததில்லை. ஆனால் மேல் ஷட்ஜம் என்கிறார்களே, மேலே ஏறிப் போய் நிற்கிற ஸ்வரம், அதில் மட்டும் அவளுக்கு ஒரு கர்வம். "மத்ததெல்லாம் கத்துண்டது. அது என்னோடது" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அப்போது ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதம் அவளுக்குத் தொண்டை கட்டியது. மிளகுப்பால், சித்தரத்தை, அதிமதுரம், உப்புத் தண்ணீர் என்று ஒன்றை விடவில்லை. ஆவணியில் கரகரத்தது. ஐப்பசியில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றோடும் பள்ளிக்கூடம் போய் அறுபது பெண்களுக்குக் கத்திவிட்டு வருவாள். "லீவு போட்டுத் தொலையேன்!" என்று நான் சத்தம் போட்டேன். ஆண்டு விழா இருக்கிறதாம், குழந்தைகள் தவித்துப் போகுமாம். ஆண்டு விழா முடிந்த மறுநாள்தான் ஆழ்வார்பேட்டையில் டாக்டர் நெடுஞ்செழியனிடம் அழைத்துப் போக முடிந்தது.

"நெல்லு அளவு கட்டி. பயப்படற மாதிரி கட்டி இல்ல, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "ஆனா எடுத்தப்புறம் இருபத்தியோரு நாள் மௌனம். பேசக் கூடாது, கிசுகிசுக்கக் கூடாது, முனகக்கூடக் கூடாது. அறுத்த இடம் ஆறறதுக்குள்ள அதிர்ந்தா தழும்பு விழும். தழும்பு விழுந்தா பேச்சு வரும், பாட்டு வராது."

"அவ ஜாக்கிரதையா இருப்பா சார்" என்றேன்.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பாடறவங்க தெரிஞ்ச பாட்டைக் கேட்டா, வாய் மூடியிருந்தாலும் உள்ள தொண்டை கூடவே பாடும். அவங்களுக்கே தெரியாது. அதனால இந்த மூணு வாரம் பாட்டு கேக்க விடாதீங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து, சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுத்து, சுவரில் காலண்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளில் மார்கழி பிறக்கிறது.

மயிலாப்பூரில் மார்கழி மாதத்தில் பாட்டு கேட்காமல் ஒருத்தியை எங்கே வைப்பது? விடியற்காலை நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர். ஐந்தரைக்கு மாட வீதியைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டி, எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பும். ஆறு மணிக்குக் கீழ் போர்ஷன் ராமானுஜம் ஆத்து ரேடியோ. அதற்குப் பிறகு எதிர் வீட்டுப் பெண் சாதகம். சாயங்காலம் சபாக்காரர்கள். நான் மாடி போர்ஷனின் ஜன்னலையெல்லாம் சாத்தினேன், இடுக்கில் பழைய வேட்டியைச் செருகினேன், அவள் காதில் பஞ்சு வைத்தேன். அப்படியும் மார்கழி முதல் நாள் காலை ஐந்தரைக்கு அவள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருக்க, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தேன். உதடு அசையவில்லை, சத்தம் இல்லை. உள்ளே மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்ரீ! பாடாதே!" என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து சிலேட்டை எடுத்தாள். "நான் எங்கே பாடினேன்?" என்று எழுதினாள். அடியிலேயே, "கத்தாதீங்கோ."

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் பஜனை கோஷ்டியை மறித்தேன். இந்தத் தெருவில் மட்டும் பாடாமல் போங்கள் என்று கெஞ்சினேன். முன்னால் வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பகவந்நாமாவைப் பாடாதேங்கறேளே, நன்னாயிருக்கா?" என்றார். ஜால்ரா இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டு போனார்கள். ராமானுஜம் மட்டும் நல்ல மனுஷர், ரேடியோவைக் குறைத்தார். ஆனாலும் தொண்டைக்குழி நிற்கவில்லை. பால்காரன் சைக்கிள் மணிக்கும் அது ஏறி இறங்குவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

நாலாம் நாள் சாருலதா அவளுடைய வாக்மேனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவிடம் பாட்டு கற்றுக்கொள்ள மாட்டேன் என்று பத்து வயதிலேயே சொல்லிவிட்டவள். அவள் கேட்பதெல்லாம் கிடார், டிரம்ஸ், கூச்சல். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் அதில் ஓயாத சண்டை. "ஸ்ருதியே இல்லாத கத்தல்" என்பாள் இவள். "உன் பாட்டுல மட்டும் என்ன, சொன்னதையே பத்து தடவை சொல்றே" என்பாள் அவள். சாருலதாவுக்கு நார்வேயில் ஒரு பேனா நண்பி. அந்தப் பெண் ஒரு கேசட் அனுப்பியிருந்தாள். மெட்டல் என்கிற ஜாதி சங்கீதமாம், ஆனால் பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா, முன்னால் ஒரு பெண் பாடுகிறாளாம்.

"அப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்ச பாட்டுன்னாதானே தொண்டை பாடும்? இது சுத்தமாத் தெரியாதே. அடுத்து என்ன வரும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சாருலதா.

"டாக்டர் பாட்டே கேக்கக் கூடாதுன்னார்டி."

"வெளில கேக்கறதே, அது பாட்டில்லாம என்னவாம்?"

மறுநாள் காலை பஜனை கோஷ்டி முனை திரும்பும்போதே ஹெட்போனை ஸ்ரீலக்ஷ்மி காதில் மாட்டினோம். அவள் முகம் சுளித்தது. எடுத்துவிடப் போனவளின் கையைச் சாருலதா பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து கழுத்தையே பார்த்தேன். கோஷ்டி வந்தது, ஜன்னலுக்கு நேரே நின்று ஒரு முழுப் பாட்டு பாடிவிட்டுப் போனது. தொண்டைக்குழி அசையவே இல்லை. எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது அது என்னதான் என்று நானும் மாட்டிப் பார்த்தேன். முதலில் ஏதோ மணி அடித்தது. பிறகு நூறு வயலின். அதன்மேல் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி டிரம்ஸ். நடுவில் ஒரு ஆண்பிள்ளை குரல்வளையை யாரோ நெரிக்கிற மாதிரி உறுமினான். ஐயோ பாவம் இவளை இதில் மாட்டிவிட்டோமே என்று நினைக்கும்போது அந்த நார்வேக்காரி பாட ஆரம்பித்தாள். அந்தக் கூச்சலுக்கெல்லாம் மேலே போய்ப் பாடினாள். நன்றாக இருந்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? இரண்டு நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து அதுதான் மருந்து. காலையில் ஐந்தரைக்கு ஒரு வேளை, எதிர் வீட்டுப் பெண் உட்காரும்போது ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. பென்சில் பேட்டரி வாங்கி வாங்கி மாளவில்லை. முதல் இரண்டு நாள் கஷாயம் குடிக்கிற முகத்தோடு கேட்டாள். மூன்றாம் நாள் சிலேட்டில், "அந்த ஆண்பிள்ளை தொண்டைக்கு எந்த டாக்டர்?" என்று எழுதிச் சாருலதாவிடம் காட்டினாள். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நாலாம் நாள், "இவள் நன்னாப் பாடறா" என்று எழுதினாள். அதைப் பார்த்துச் சாருலதா அறைக்குள் போய், அந்தக் கேசட்டோடு வந்த பாட்டு வரிக் காகிதத்தைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள்.

அதற்கடுத்த நாளோ என்னவோ, காபி கொண்டுபோனேன். ஸ்ரீலக்ஷ்மி ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பக் என்றது. என்னைப் பார்த்ததும் சிலேட்டில் பெரிய எழுத்தில், "கீரவாணி!" என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒரு சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நார்வேக்காரிக்குக் கீரவாணி யாருடி சொல்லிக் கொடுத்தா?" என்றேன், ஏதோ எனக்கு ராகமெல்லாம் தெரிந்த மாதிரி.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூட நோட்டில் அந்தப் பாட்டு முழுவதற்கும் ஸரிகம எழுதிவிட்டாள். பாட்டு டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் நோட்டில் எழுதி வைத்துவிடுகிற பழக்கம். ஸரிகம எழுதிவிட்டால் அப்புறம் அது தெரியாத பாட்டா? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது. ராத்திரி அவள் கழுத்தைப் பார்த்தேன், லேசாக ஏறி இறங்கிய மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. டாக்டருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் அதையும் நிறுத்தச் சொல்வார், மறுபடி பஜனை, மறுபடி பஞ்சு. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மௌனத்தின் பதினேழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சாருலதா தி.நகரில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்விட்டாள். கீழே ராமானுஜம் ஆத்தில் வருஷா வருஷம் நடக்கிற பஜனை. இருபது முப்பது பேர், ஆர்மோனியம், டோலக், மைக் வேறு. முதல் நாளே மாடிக்கு வந்து, "தப்பா நினைச்சுக்காதேள், முப்பது வருஷமாப் பண்ணிண்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தரை அதிர்ந்தது. நான் ஸ்ரீலக்ஷ்மிக்கு ஹெட்போனை மாட்டி, வாக்மேனின் வால்யூமை முழுக்கத் திருகி வைத்தேன். என் கையால் வைத்தேன். அவள் கட்டில் ஓரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் டிகாக்ஷன் போடச் சமையலறைக்குப் போனேன்.

கீழே தீபாராதனைக்காக எல்லாம் நின்றது. ஒரே நிசப்தம். அப்போது ஒரு குரல் கேட்டது.

கீழே யாரோ தனியாக விருத்தம் பாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது தமிழில்லை என்று தெரிந்தது. இங்கிலீஷ்கூட இல்லை, சொல்லே இல்லை, வெறும் அகாரம். குரல் எங்கள் அறையிலிருந்து வந்தது. கையில் ஃபில்டர் மூடியோடு ஓடினேன்.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது, ஹெட்போன் காதில் இருந்தது, வாய் நன்றாகத் திறந்திருந்தது. முழுக் குரல். காதுக்குள் அந்தக் கூச்சல் நிறைந்திருப்பதால் தான் பாடுவது அவளுக்கே கேட்கவில்லை. உள்ளேதான் பாடிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே பாடிக்கொண்டிருக்கிறாள்!

நிறுத்த வேண்டும். ஓடிப்போய் ஹெட்போனைப் பிடுங்க வேண்டும். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது.

குரல் இருக்கிறது! பதினேழு நாளாக, இல்லை, ஆடி மாதத்திலிருந்து, போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். அவளிடம் தைரியம் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இதோ இருக்கிறது. கரகரப்பு இல்லை, காற்று இல்லை. நிறுத்தாததற்கு இதற்கு மேல் நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது பொய். சந்தோஷத்தில் மட்டும் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நார்வேக்காரி மேலே போகிற இடம் வந்தது, இவள் இன்னும் கொஞ்சம் கழுத்தைத் தூக்கி அங்கே போனாள். போய் அங்கே நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறுத்த வேண்டும் என்கிற எண்ணமே போய்விட்டது.

கேசட் பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. அவள் வாயும் மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்தாள். கதவருகே ஃபில்டர் மூடியோடு நிற்கும் என்னைப் பார்த்தாள். சிலேட்டை எடுத்து, "காபி ஆச்சா?" என்று எழுதினாள்.

அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் என்று பிறகு கேசட் அட்டையில் பார்த்தேன். ஏழு நிமிஷம். நான் கேட்டது அதில் பாதியாவது இருக்கும்.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பதினேழு நாள் ஒரு எழுத்து பேசாமல் இருந்தவள். கொட்டாவி விடும்போதுகூட வாயில் துணியை வைத்துக்கொண்டவள். காலண்டரில் நாளுக்கொரு கோடு போட்டு, ஆண்டு விழாவில் பரிசு வாங்கின பெண் மாதிரி அதைக் காட்டிச் சிரித்தவள்.

அடுத்த நிமிஷமே பாத்திரம் தேய்க்க ஜோதிலட்சுமி வந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இன்னா சாமி, மாடில பாட்டு பட்டயக் கெளப்பிக்கினு இருந்துச்சு? படிக்கட்டுல ஏறி வரச்சொல்ல கேட்டேன். ரேடியோவா?"

"ஆமாம், ரேடியோ. உள்ள போய்ப் பாத்திரத்தைத் தேய்" என்று எரிந்து விழுந்தேன்.

"அய்ய, ரேடியோன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?" என்று முனகிக்கொண்டே போனாள்.

அடுத்த நாலு நாள் நான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாக்மேனிலிருந்து பேட்டரியை எடுத்து ஒளித்துவிட்டு, தீர்ந்துபோச்சு, கடையில் இல்லை என்றேன். மயிலாப்பூர் முழுக்கப் பென்சில் பேட்டரி இல்லையா என்று சாருலதா கேட்டாள். அவளையும் திட்டினேன். மறுபடி பஞ்சு, மறுபடி பஜனை, மறுபடி அந்தத் தொண்டைக்குழி. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, "வாயைத் திற, பார்க்கலாம்" என்றேன். "பைத்தியமா?" என்று எழுதினாள். கச்சேரி ரோடு பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க" என்று அங்கே நர்ஸ் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். முண்டகக்கண்ணியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை பாடினால் என்ன ஆகிவிடப்போகிறது, பதினேழு நாளில் ஆறாத புண்ணா, குரல்தான் அவ்வளவு சுத்தமாக வந்ததே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபதாம் நாள் அவள் தண்ணீர் குடிக்கும்போது லேசாக நெற்றியைச் சுருக்கினாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். முதலில் என்ன சொல் பேசுவது என்று யோசித்து வைத்திருப்பதாகச் சிலேட்டில் எழுதினாள். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. ஆட்டோவில் போகும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

டாக்டர் கண்ணாடியை வைத்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பேசினீங்களாம்மா?"

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். சிலேட்டில், "ஒரு எழுத்து பேசலை. சத்தியம்" என்று எழுதினாள்.

"பேச்சு இல்ல, பெருசா ஏதோ சத்தம். இங்க ரத்தம் கட்டி, அறுத்த இடம் விட்டுப் போயிருக்கு. நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். நீங்களாவது சொல்லுங்கோ என்கிற முகம். சிலேட்டில் சத்தியம் என்கிற சொல்லுக்கு அடியில் இரண்டு தடவை கோடு போட்டு என்னிடம் நீட்டினாள்.

சொல்லிவிட்டேன். பஜனை, வால்யூம், ஃபில்டர் மூடி, எல்லாம் சொன்னேன். நான் நின்று கேட்டதையும் சொன்னேன். டாக்டர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் இன்னும் ஒரு மாதம் மௌனம் என்றார், பேச்சு நன்றாக வந்துவிடும் என்றார். அவள், "பாட்டு?" என்று எழுதிக் காட்டினாள். "பார்ப்போம்மா" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆகிறது. பேசுகிறாள், திட்டுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். கீழ் ஸ்தாயியில் பாடிக் காட்டுவாள். மேலே போக வேண்டிய இடத்தை ஆர்மோனியத்தில் வாசித்துவிடுகிறாள். அந்த மேல் ஷட்ஜம் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அறையில் பாடியதுதான் அவள் கடைசியாக அங்கே போனது. அதை அவளும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டவன் நான் ஒருத்தன். ஊரில் இருக்கிற ஞானஸ்தர்களையெல்லாம் விட்டுவிட்டு, போயும் போயும் என் காதில் அது விழுந்தது.

ஆனால் சொல்ல வந்தது, டாக்டர் பார்த்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திட்டட்டும், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கட்டும், சிலேட்டால் மண்டையில் போடட்டும் என்று காத்திருந்தேன். அவள் பல்பத்தை எடுத்தாள்.

"எந்த இடம் பாடினேன்?" என்று எழுதியிருந்தாள்.

"அவ மேல மேல போவாளே, அந்த இடம்" என்றேன்.

உள்ளங்கையால் துடைத்தாள். மறுபடி எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது.

"தொட்டேனா?"

தொட்டாள் என்று சொல்லிவிட ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் அந்த ஸ்வரத்தை எது தொடுவது, எது தொடாதது என்று எனக்குத் தெரியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியலை ஸ்ரீ. சத்தியமாத் தெரியலை" என்றேன். "கையைத் தூக்கிண்டுதான் ஓடி வந்தேன். நீ அங்க போனதும் அப்படியே நின்னுட்டேன். உன்னை நிறுத்தணும்னே எனக்கு மறந்து போச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் என் முகத்தை முழுசாகப் பார்த்தாள். பிறகு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டுக் குண்டாக எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"அப்போ தொட்டிருக்கேன்."